கையை எடுத்தவர்

“மேடம், உங்களுக்கு யாரு பரீட்சை வச்சாங்க?”

தேவசகாயம் இப்படிக் கேட்டபோது ஹசீனா ஒரு குதிரையின் முதுகை நீவிக்கொண்டிருந்தார்.

தேவசகாயத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருஷம் மனிதர்களின் இடுப்பையும் முழங்காலையும் பார்த்த பிசியோதெரபிஸ்ட். குதிரைக்கும் இதே வேலையைச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஹசீனாவின் லாயத்துக்குக் கற்றுக்கொள்ள வந்து எட்டு மாதம் ஆகிறது.

ஹசீனா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“ஏன் சார் கேக்குறீங்க?”

“என் பரீட்சை எப்பன்னு நாலு தடவை கேட்டுட்டேன். பதில் இல்ல. உங்களுக்கு எப்படி நடந்துச்சுன்னாவது தெரிஞ்சுக்கலாமேன்னுதான்.”

“மூணு நாள் நடந்துச்சு. எழுத்து ஒரு நாள், செய்முறை ரெண்டு நாள். நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்கினேன்.”

“அடேயப்பா! அந்தச் சர்ட்டிபிகேட் எங்க? சுவத்துல காணோமே?”

ஹசீனா கையைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்க.”

கடைசித் தடுப்பில் ஒரு சாம்பல் நிறக் கிழட்டுக் குதிரை நின்றது. தேவசகாயம் அதன் கழுத்தைத் தடவினார். பேசாமல் நின்றது. ஹசீனா கையை நீட்டியதும் காதை மடித்துக்கொண்டு, நொண்டியபடியே போய்ச் சுவரோடு ஒண்டியது.

தேவசகாயத்தால் நம்ப முடியவில்லை. “கடிக்கிற குதிரையெல்லாம் உங்ககிட்டப் பூனை மாதிரி நிக்குதே. இதுக்கு என்ன?”

“சர்ட்டிபிகேட் வாங்கின வருஷம், தோள்ல தசை பிடிச்சிருக்குன்னு இதைக் கொண்டு வந்தாங்க. முக்கால் மணி நேரம் அமுக்கினேன். உள்ள எலும்பு விரிசல் விட்டிருந்துச்சு.”

“வலியில நகரலையா?”

“நகந்துச்சு. நகந்துக்கிட்டே இருந்துச்சு. நான்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.”



அந்த வார வெள்ளிக்கிழமை காலையில் நாச்சிமுத்து தன் செவலைப் பெண் குதிரையை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு வளர்த்த குதிரை. வேனிலிருந்து இறங்கியதும் இடது முன்னங்காலைத் தூக்கியே வைத்திருந்தது.

“ஞாயித்துக்கிழமை பந்தயமுங்க. காலை ஊனவே மாட்டேங்குது. போன வருசமும் இப்பிடித்தானுங்க. நீங்க நீவி விட்டீங்க, சரியாப் போச்சு.”

ஹசீனா ஓரமாக நகர்ந்தார். “சார் பாக்கட்டும்.”

தேவசகாயம் கழுத்திலிருந்து தொடங்கினார். கழுத்து இளகி இருந்தது. முதுகிலும் குறை இல்லை. தோளுக்கு வந்தார். குதிரை புல்லை மென்றுகொண்டிருந்தது.

தோளின் கீழ்ப் பக்கத்தில் ஓரிடம். ஒரு விரல் அகலம்தான் இருக்கும். அங்கே விரல் பட்டதும் குதிரை மெல்லுவதை நிறுத்தியது. மூச்சும் நின்றது.

விரலை நகர்த்தினார். மூச்சு வந்தது. மறுபடி அங்கே வைத்தார். நின்றது.

தசைப் பிடிப்பிலும் இப்படி இருக்கும். அவருக்குத் தெரியும். வேறு எதிலெல்லாம் இப்படி இருக்கும் என்று யோசித்தார்.

கையை எடுத்துவிட்டார்.

“என்னங்க ஆச்சு?” என்றார் நாச்சிமுத்து.

“எலும்பா, தசையான்னு எனக்குத் தெரியலைங்க. கால்நடை டாக்டர் பாக்கணும்.”

“தெரியலைன்னு சொல்றதுக்கா இத்தன மாசம் படிச்சீங்க?” நாச்சிமுத்து ஹசீனாவிடம் திரும்பினார். “அம்மணி, நீங்க ஒருக்கா கை வச்சுப் பாருங்கோ.”

ஹசீனா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அவர்தான் சொல்லிட்டாருங்களே.”

“டாக்டர் வந்து, படம் புடிச்சு… பந்தயமே போயிருமுங்க!”

ஹசீனா அசையவில்லை. தேவசகாயம் டாக்டருக்குப் போன் செய்தார்.

பொள்ளாச்சியிலிருந்து டாக்டர் வந்து சேரச் சாயங்காலம் நாலு மணி ஆனது. தட்டிப் பார்த்தார், நடத்திப் பார்த்தார். கையோடு கொண்டுவந்த கருவியில் எக்ஸ்ரே எடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டுத் தேவசகாயத்திடம் திரும்பிச் சிரித்தார்.

“எலும்பு கல்லு மாதிரி இருக்கு. வெறும் தசைப் பிடிப்பு. இதுக்கா என்னை இவ்வளவு தூரம் ஓட வச்சீங்க? தாராளமா நீவி விடுங்க. பந்தயம் மட்டும் அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“காலையிலயே நீவியிருந்தா இந்நேரம் ஊட்டுக்குப் போயிருப்பேன்,” என்று முணுமுணுத்தபடி நாச்சிமுத்து டீக்கடைப் பக்கம் போனார். டாக்டரின் வண்டியும் கிளம்பியது.

தேவசகாயத்தின் காது மடல் இன்னும் சூடாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அவரைப் பார்த்து எந்த டாக்டரும் சிரித்ததில்லை.

“தப்பாப் போச்சு மேடம்.”

“ஆமா சார், தப்புதான்.”

“உங்களுக்குப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும், தசைதான்னு.”

“இல்லையே.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஹசீனா விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை.

குதிரையின் கயிற்றை அவிழ்த்து ஹசீனா அவர் கையில் கொடுத்தார்.

“காலையில இருந்து காத்துக்கிட்டு நிக்குறா. ஆரம்பிங்க.”

“நானா? பரீட்சை இன்னும் நடக்கலையே மேடம்?”

“காலையிலயே நடந்துச்சே. டாக்டர் யாரை நீவச் சொன்னாரு?”

தேவசகாயம் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தார். அதே இடத்தில் உள்ளங்கையை வைத்தார். குதிரை ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பியது.

“மேடம், எவ்வளவு அழுத்தட்டும்?”

ஹசீனா அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

“என்னையா கேக்குறீங்க?”