தொட்டியின் இடம்

சிவகாமவல்லி அம்மையாருக்கு மடம் கிடையாது. ஜீப்பின் பின்னால் இழுபடும் ஒரு கேரவனே அவருடைய இருப்பிடம். அதைக் கட்டியவர் அவருடைய சீடர் சோலைமலை. கரூரில் முப்பது ஆண்டுகள் பேருந்துக் கூடு கட்டியவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

குருவின் இருக்கையை வண்டியின் நடுவே, சக்கர அச்சுக்கு நேர்மேலே அமைத்தார். குடிநீர்த் தொட்டியை முன்புறம் வைத்தார். விடியலில் அதிலிருந்து ஒரு செம்பு நீர் பிடித்து, கண்ணில் ஒற்றிக் குருவிடம் கொடுப்பது அவர் வழக்கம். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் கழிவுத் தொட்டியைக் குருவிடமிருந்து இயன்றவரை விலக்கி, வால்பக்கம் தொங்கவிட்டார். அதை யாரும் காணாமல் தாமே காலி செய்து வந்தார்.

தொப்பூர் இறக்கத்தில் ஒரு பிற்பகல், கேரவனின் வால் அலைந்து ஜீப்பையும் திருகியது. ஓட்டுநர் மரியசூசை எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினார்.

"வாலுல குடத்தைக் கட்டிவிட்ட மாடு மாதிரி ஆடுதுண்ணே. முன்தொட்டி காலி, பின்தொட்டி ரொம்பிக் கெடக்கு. பஸ் கட்டுனவருக்கு இது தெரியாதா?"

தெரியும். வால்பக்கம் பாரம் ஏறினால் வண்டி அலையும் என்று கட்டிய அன்றே தெரியும். சோலைமலை குருவிடம் அதை ஒப்புக்கொண்டார். குருவின் உயிரோடு விளையாடியவன் உடன்வரத் தகுதியற்றவன் என்றும், கரூருக்கே திரும்ப விடை வேண்டும் என்றும் கேட்டார்.

"தொட்டி எங்கே இருந்தால் வண்டி ஆடாது?" என்றார் அம்மையார்.

"நடுவில், அச்சை ஒட்டி."

"அங்கே என்ன இருக்கிறது?"

"தங்கள் இருக்கை, அம்மா."

அம்மையார் எழுந்து தம் பாயைச் சுருட்டினார். இருக்கைப் பலகையைத் தூக்கித் தளத்தைத் தட்டினார். இதன் கீழே இடம் உண்டா என்று கேட்டார்.

"உண்டு. ஓரடிக்குக் கால் அங்குலம் சரிவு விட்டால் குழாயும் வந்து சேரும்." தொழில் அவரை மீறிப் பேசிவிட்டது. பிறகு குரல் தாழ்ந்தது. "தாங்கள் அமர்ந்து ஓதும் இடம். அதன் அடியில் இந்த அழுக்கு நீரா?"

அம்மையார் இறங்கி வண்டியின் வால்பக்கம் சென்றார். கசிந்து ஈரமாயிருந்த தொட்டியைத் தொட்டு, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சோலைமலை பதறித் தடுக்க வந்தார்.

"விடியலில் இதே நீரைத்தான் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தீர்கள், ஐயா. அதை நாள்தோறும் எனக்குத் தெரியாமல் கொண்டுபோய் ஊற்றியவருக்கு நான் எப்போது நன்றி சொல்வது?"

சோலைமலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார்.