கவிழ்த்து வைத்த போன்

கொரோனா வந்த வருஷம் பள்ளிக்கூடங்களையெல்லாம் பூட்டினார்கள். தலைமை ஆசிரியர்களுக்கு மட்டும் விடிவு கிடைக்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள், வகுப்பு போனில் நடந்தது, கேள்விகள் மட்டும் மேலே, கல்வி ஆபீஸிலிருந்து வந்துகொண்டே இருந்தன.

தவசிலிங்கம் அந்த வருஷம்தான் பதவி உயர்வில் தலைமை ஆசிரியர் ஆனார். ஐயோ பாவம், மாலை போடக்கூட ஆள் சேரக் கூடாத வருஷம். புதிதாய்ப் பொறுப்பேற்றவர்களுக்கு வழிகாட்ட அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்குப் போட்டிருந்தார்கள். இவருக்கு வாய்த்தவர் பக்கத்து ஊர் மகளிர் பள்ளித் தலைமை ஆசிரியை ஜமீலா. இவரைவிடப் பத்து வயது இளையவர். "என் குருவுக்கு என் தங்கச்சி வயசு" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அது அவர் சிரித்துக்கொண்டிருந்த காலம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பைக்குக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமையில்லாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஜமீலாவின் பள்ளிக்குள் நுழைந்தார். ஜமீலா வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய பாடப்புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு கிடக்கட்டும் டீச்சர். ஒரு பிள்ளை கைய விட்டுப் போகப் போகுது."

"முதல்ல உக்காருங்க."

தள்ளிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முகக்கவசத்துக்குள் மூச்சு வாங்கியது.

"மாரீஸ்வரின்னு ஒரு பிள்ளை, பத்தாவது. தங்கமாப் படிப்பா. போன மாசம் அவ அப்பாவ இந்தக் காய்ச்சல் கொண்டுபோயிருச்சு. அதிலருந்து ஆன்லைன் வகுப்புக்கு வரல. தாய்மாமன் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போறானாம். அவங்க தெருவத் தகரம் வச்சு அடச்சிருக்காங்க. அதனாலதான் இன்னும் இங்க இருக்கா. திங்கக்கிழமை தகரத்தப் பிரிக்கிறாங்க."

"நேர்ல போய்ப் பாக்க முடியாதா?"

"உள்ள விட மாட்டேங்காங்க. போன்தான் ஒரே வழி. போட்டுப் போட்டு விரல் தேஞ்சு போச்சு. மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கா. நான் என்னதான் செய்ய டீச்சர்?"

ஜமீலா வாயைத் திறப்பதற்குள் தவசிலிங்கத்தின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. சத்தத்தை அமுக்கிப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். அது அங்கேயே கிர்ர் கிர்ர் என்று அதிர்ந்து ஓய்ந்தது.

"யாரு சார்?"

"ஆபீஸ்."

"எடுக்கலையா?"

"எடுத்தா, வகுப்புக்கு எத்தனை சதவீதம் வந்தாங்கம்பாங்க. ஏன் குறைஞ்சுதும்பாங்க."

"வேற எதுவும் கேக்க மாட்டாங்களா?"

"வேறயா? நல்லாக் கேட்டீங்க போங்க. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ஆக்ஸிஜன் வச்சுக் கிடந்தா. அப்பவும் இதே சதவீதம்தான். 'வீட்ல இப்படி ஆயிருச்சு'ன்னு வாயெடுத்தேன். 'கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்'ன்னுட்டாங்க." கவிழ்ந்து கிடந்த போனை இன்னும் தள்ளி வைத்தார். "அன்னையிலருந்து அந்த நம்பர் வந்தா எடுக்கிறதே இல்ல."

ஜமீலாவுக்கு அந்த நாட்கள் தெரியும். தவசிலிங்கத்தின் மனைவி தேறி வீடு திரும்பும்வரை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவர் அவர்தான். கட்டி முடித்த புத்தகக் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"சரி சார். மாரீஸ்வரி எடுத்துட்டான்னு வச்சுக்குவோம். நான்தான் அவ. பேசுங்க."

தவசிலிங்கம் தொண்டையைச் செருமினார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஏம்மா, எத்தனை தடவ கூப்பிடுறது? ஏன் வகுப்புக்கு வரல? கணக்கெல்லாம் போட்டு அனுப்பினியா? பத்தாவதுங்கிற நினைப்பு இருக்கா இல்லையா? உன்னால நம்ம பள்ளிக்கூடத்துக்கே..."

ஜமீலா எழுந்தார். மேஜையில் இருந்த தன் போனை எடுத்து வந்து, பெஞ்சில் அவர் போனுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். திரும்பிப் போய்ப் புத்தகம் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

தவசிலிங்கம் கவிழ்ந்து கிடந்த இரண்டு போன்களையும் பார்த்தார்.

"அடப்பாவி" என்றார். தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்துத் தன் போனைக் கையில் எடுத்தார். மாரீஸ்வரியின் எண்ணுக்கு அடித்தார். வழக்கம் போல மணி அடித்து ஓய்ந்தது. வாட்ஸ்அப்பைத் திறந்து, குரலைப் பதிவுசெய்யும் இடத்தை அமுக்கிப் பிடித்தார். விரலை எடுத்துவிட்டு மறுபடியும் அமுக்கினார்.

"மாரீஸ்வரி... சார் பேசுறேன்மா. சாப்பிட்டியா? வேற ஒண்ணும் கேக்கல."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. எழுந்து வராந்தாவின் அந்தக் கோடி வரை நடந்தார், திரும்பி வந்தார்.

"கேட்டுட்டா டீச்சர். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா."

"இருங்க சார்."

போன் அடித்தது. திடுக்கிட்டுப் பார்த்தார். ஆபீஸ். அடித்து முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அது நின்ற கையோடு மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை மாரீஸ்வரி. அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டு, அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"சார், சாப்பிட்டேன் சார்."

"நல்லதும்மா."

"திங்கக்கிழமை மாமா கூட்டிட்டுப் போறாரு சார். நான் போயிருவேன்."

அவர் பதறி வாயைத் திறந்தார். அதற்குள் அவளே பேசினாள்.

"போறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீங்க கூப்பிடும்போது எடுக்கப் பயமா இருந்துச்சு, ஏசுவீங்கன்னு. உங்க வீட்ல அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு சார்? மூச்சுத் திணறல்னு பிள்ளைங்க சொன்னாங்க. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

தவசிலிங்கம் போனை உள்ளங்கையால் இறுக்கி மூடினார். கண் நிறைந்துவிட்டது. ஜமீலாவிடம் ஓடி வந்து கிசுகிசுத்தார்.

"டீச்சர், போயிருவேங்கா. என்ன சொன்னா நிப்பா? பரீட்சையச் சொல்லவா? சட்டத்தச் சொல்லவா? மாமன்கிட்டப் போனக் குடுக்கச் சொல்லவா?"

ஜமீலா கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்."