ஒருசந்தி இருந்த விரால்

க்ர்ர்ர்… ப்ளொக். க்ர்ர்ர்… ப்ளொக்.

மதலேன் பாதித் தாலாட்டை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். இருட்டி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. சத்தம் வாசல் பக்கமிருந்து வந்தது. மனுஷன் இருமுகிற மாதிரியும் இல்லை, மாடு செருமுகிற மாதிரியும் இல்லை. ரெண்டுக்கும் நடுவிலே ஏதோ ஒன்று. அதுவும் ஒரு தொண்டையிலிருந்து இல்லை, நாலு தொண்டையிலிருந்து.

மடியில் நாலு மாசக் குழந்தை பிலோமி. எதிரே கதவு. கதவிலே தாழ்ப்பாள் இல்லை. மூன்று நாளாக இல்லை. அம்மிக்கல்லை உருட்டிக் கொண்டுவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். அது வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்பதால் அம்மிக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் மனசுக்கு ஒரு தெம்பு.

க்ர்ர்ர்… ப்ளொக்.

குழந்தையைத் தூளியில் போட்டாள். ஒரு கையில் செபமாலை, இன்னொரு கையில் அரிவாள்மனை. மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே கதவை ஒரே உதையில் திறந்தாள்.

முற்றத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பச்சை ரப்பர் தவளை ஒன்றை உட்கார வைத்து, பக்கத்தில் அரிக்கேன் விளக்கு ஏற்றி, நாலு ஆண்கள் குந்தியிருந்தார்கள். நாலு கன்னமும் உப்பியிருந்தது. ஒருவர் அவளுக்குத் தாலி கட்டிய புருஷன் ராயப்பன்.

"என்னங்க இது?"

"உஷ். தவளைக்குப் பாடம் நடக்குது மதலேன். நடுவுல பேசினா மறந்துடும்."

கோணமதகு ஊரில் நாலு பேர் கூடி யோசித்தால்தான் ஒரு காரியம் கெடும். தனித்தனியாக இருக்கும்போது அவர்கள் அவ்வளவு மோசமில்லை. ராயப்பனோடு அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் மூவர். சந்தியாகு உபதேசியார்: கோவிலில் மணியடிப்பவர், ஜெபம் சொல்பவர், உலகத்தில் எதற்கும் விளக்கம் வைத்திருப்பவர். இன்னாசி: எங்கே சாய்ந்தாலும் அங்கேயே தூங்கிவிடுகிறவன். மிக்கேல்: யார் எது சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பவன்.

இந்தக் கூத்துக்கு விதை போட்டது மதலேனின் அண்ணன் லூக்காஸ். பக்கத்து டவுனில் இருக்கிறவன், வருஷம் பூராவும் தூண்டிலும் கையுமாகத் திரிகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை வந்து, ராயப்பன் கையில் ரெண்டு ரப்பர் தவளைகளைக் கொடுத்தான். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை.

"மாப்ள, நல்லாக் கேட்டுக்குங்க. மாசி வரைக்கும் விரால் குளிர்ல சேத்தோட சேறா சோம்பிக் கிடக்கும். பங்குனி வெயில் ஏறினதும் பசியெடுத்துக் கிளம்பும். விடியக்காலையும் பொழுது சாயறப்பவும் கோரைப்புல்லு ஓரமா நிக்கும். உச்சி வெயில்ல ஆழத்துக்குப் போயிடும். கரையில சத்தம் ஆகாது. உங்க நிழல் தண்ணி மேல விழக்கூடாது. தவளை நெசமாவே உசிரோட இருக்குன்னு மீன் நம்பணும். இன்னொண்ணு, செக்கச்செவேல்னு குஞ்சுங்க கூட்டமா மேல வந்தா, கீழ தாயும் தகப்பனும் காவல் நிக்குதுன்னு அர்த்தம். அதுங்களைத் தொட்டுடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். தங்கச்சி உடம்பு தேறணும், குழம்புக்கு ஒரு விரால் பிடிச்சு வைங்க."

நாலு பேரும் அதை நாலு தடவை ஒப்பித்தார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. அதுதான் ஆபத்து.

திங்கட்கிழமை விடியலில், தவளையை அழுக்காக்க வேண்டாமே என்று மண்புழுவோடு போனார்கள். தக்கை அசையவே இல்லை. சந்தியாகு ஏரியை வெகுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்ம புத்தியைச் செருப்பால அடிக்கணும். இப்ப என்ன காலம்?"

"தவக்காலம்."

"புழு என்னது?"

"இறைச்சி."

"நாம ஒருவேளைச் சாப்பாட்டோட ஒருசந்தி இருந்து கஞ்சி குடிக்கிறோம். அதுங்க வாய்க்கு நேரா இறைச்சியைக் காட்டறோமே, எப்படிக் கடிக்கும்?"

ராயப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தனை மீனு மனசுக்குள்ள வருத்தப்பட்டுச்சோ!"

செவ்வாய்க்கிழமை தூண்டில் முள்ளில் சுண்டல் கோத்தார்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கும், அவரைக்காயும், கொஞ்சம் தேங்காய்ச் சில்லும் கொண்டு போனார்கள். கெண்டை மீன்கள் கூட்டமாக வந்து, முள்ளை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போயின. நாலு பேரும் வெறுங்கையோடு, ஆனால் ரொம்பச் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள். "சொன்னேன்ல?" என்றார் சந்தியாகு. "ஏரி பூரா பக்தி."

"ஆனா விரால் வரலையே அண்ணே. தவளை போட்டாத்தான் வரும்னு மச்சான் சொன்னாரு. தவளையும் இறைச்சிதானே?" என்றான் ராயப்பன்.

"ரப்பர் எதுலேர்ந்து வருது?"

"மரத்துலேர்ந்து."

"மரம்?"

"செடிகொடி வகை."

"அப்ப ரப்பர் தவளை கத்திரிக்காய்க்குத் தம்பி. தாராளமா சாப்பிடலாம்."

"அதுவும் சரிதான்," என்றான் மிக்கேல்.

புதன்கிழமை நிழல் பிரச்சினை வந்தது. விடியற்காலையில் கரையில் நின்றால் நிழல் நீளமாகப் போய்த் தண்ணீரில் விழுந்தது. அதனால் நிழல் காலடியில் ஒடுங்கும் உச்சிப் பொழுதுக்குப் போனார்கள். இன்னாசி அதையும் பாதியாகக் குறைக்க ஒற்றைக் காலில் நின்றான். நின்றபடியே தூங்கினான். உச்சி வெயிலில் மீன் ஆழத்தில் இருக்குமே! தவளையோ மிதக்கிற ஜாதி. அதை ஆழத்துக்கு இறக்க ஒரு கனம் வேண்டும்.

"வீட்டுல சும்மா கிடக்கிற இரும்பு எது?" என்று ராயப்பன் யோசித்தான். அரிவாள்மனை பகலில் வேலை செய்கிறது. இரும்புச்சட்டி பகலில் வேலை செய்கிறது. கதவுத் தாழ்ப்பாள் மட்டும்தான் பகல் முழுக்கச் சும்மா இருந்து தின்கிறது.

மதலேன் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, குமிழைத் திருகிக் கழற்றி, விரல் நீளத் தாழ்ப்பாள் கம்பியை உருவிக்கொண்டு ஓடினான். மஞ்சள் தவளையின் வயிற்றோடு அதைச் சேர்த்துக் கட்டி ஏரியில் இறக்கினார்கள். எண்ணி நூறு முடிவதற்குள் ஆழத்திலிருந்து ஒரு வெட்டு. கழி வளைந்தது. தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்தது. விரால் போயிற்று, தவளை போயிற்று, தாழ்ப்பாளும் போயிற்று.

அன்றைக்கு ராத்திரி மதலேன் அழுதாள். அவளுக்கு இருட்டு என்றாலே பயம். காற்றில் ஓலை உரசினாலும் குழந்தையை அள்ளிக்கொள்வாள். தாழ்ப்பாளைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தால்தான் அவளுக்குக் கண் மூடும்.

"பயப்படாதே புள்ள," என்று தேற்றினான் ராயப்பன். "தாழ்ப்பாள் பத்திரமா இருக்கு. விரால் வயித்துல வச்சதை எந்தத் திருடன் எடுக்க முடியும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சனிக்கிழமை ராத்திரி இந்தக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கணும். இல்லைன்னா ஞாயித்துக்கிழமை அண்ணனோட குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

அதனால்தான் வெள்ளிக்கிழமை ராத்திரி முற்றத்தில் அந்தப் பள்ளிக்கூடம். தவளை உயிரோடு இருப்பதாக மீன் நம்ப வேண்டும்; உயிருள்ள தவளை என்றால் கத்தும்; ஆனால் கரையில் சத்தம் ஆகாது. ஆகவே வீட்டிலேயே கத்திக் காட்டித் தவளையைப் பழக்கிவிட்டால், கரையில் மனுஷர் வாயே திறக்க வேண்டியதில்லை.

"எத்தனை நேரமா சொல்லித்தரீங்க?" என்று கேட்டாள் மதலேன்.

"விளக்கு வச்சதுலேர்ந்து. மந்த புத்தி," என்றார் சந்தியாகு, தவளையைப் பார்த்து.

மதலேன் அரிவாள்மனையைக் கீழே வைத்தாள். இனி இவர்களை நம்பினால் தாழ்ப்பாள் துருப்பிடித்துத்தான் வெளியே வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், குழந்தையை இடுப்பில் இடுக்கி, ஒரு கையில் சின்ன அண்டாவைத் தூக்கிக்கொண்டு அவளும் ஏரிக்குப் போனாள். நாலு பேரும் மேற்குக் கரையில், வாயில் ஆளுக்கொரு துண்டை அடைத்துக்கொண்டு, தங்கள் நிழல் தண்ணீரில் விழுவதைத் துக்கத்தோடு பார்த்து நின்றார்கள்.

"அந்தக் கரைக்கு வாங்க. நிழல் முதுகுக்குப் பின்னால விழும்."

சந்தியாகு துண்டை வாயிலிருந்து எடுத்தார். "நிழலைப் பின்னால போட வழி இருக்கா? ஏம்மா மதலேன், இதை எந்த இஸ்கூல்ல சொல்லிக்கொடுத்தாங்க?"

கிழக்குக் கரைக்குப் போனார்கள். போகிற வழியில் மதகோரம் தண்ணீர் செக்கச்செவேலென்று கொப்பளித்தது. விரால் குஞ்சுகள். பக்கத்திலேயே ரெண்டு கரிய தலைகள் எழும்பி மூச்சு வாங்கிவிட்டு முழுகின. மதலேன் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "அதுங்களை விட்டு ரொம்பத் தூரம் நடங்க," என்றாள்.

தூரத்தில் கோரைப்புல் அடர்ந்த இடத்தில் ராயப்பன் பச்சைத் தவளையை வீசினான். தவளை புல்மேல் விழுந்து, பாடமெல்லாம் மறந்ததுபோல் சும்மா கிடந்தது. ராயப்பனுக்கு வாயில் இருந்த துண்டின் நூல் மூக்கில் ஏறியது. தும்மினான். கழி குலுங்கியது. தவளை ஒரு குதி குதித்தது. மறுபடி தும்மினான், மறுபடி குதித்தது. மூன்றாவது தும்மலில் தண்ணீர் பிளந்தது.

"படிச்சுட்டுதுடா! தவளை படிச்சுட்டுது!" என்று மிக்கேல் கூத்தாடினான்.

கரையில் வந்து விழுந்தது முழங்கை நீள விரால். வாயோரத்தில் பழைய நரம்பு ஒரு முழம் தொங்கியது. அதே மீன். மதலேன் அண்டாவை நீட்டினாள். சந்தியாகு குறுக்கே கையை வைத்தார்.

"இரு. பிள்ளைகுட்டி உள்ளதைத் தொடக்கூடாதுன்னு உங்க அண்ணன் சொன்னாரு. விசாரிக்காம எப்படி?" மீனின் முகத்துக்கு நேரே குனிந்தார். "உனக்குக் குழந்தைங்க உண்டா?"

விரால் வாயைத் திறந்து மூடியது.

"ஆமாங்குது."

"இல்லைங்குது அண்ணே," என்றான் ராயப்பன்.

"ஆமான்னு ஒருதரம், இல்லைன்னு ஒருதரம் சொல்லுது," என்று தூக்கத்திலிருந்து எழுந்த இன்னாசி தீர்ப்புச் சொன்னான்.

"அதோட குஞ்சுங்களா இருந்தா அதுங்க பக்கத்துல இல்ல நிக்கும்?" என்றாள் மதலேன். "தாயும் தகப்பனும் அங்க மதகுகிட்ட காவல் இருக்கிறதை இப்பத்தானே பார்த்தோம்? இது தனி ஆளு."

மீனை அண்டாவில் போட்டு வீடு கொண்டுவந்தார்கள். வாசலில் சந்தியாகுவுக்கு அடுத்த சந்தேகம் பிறந்தது.

"புதன்கிழமைலேர்ந்து இது எதையும் தின்னிருக்க முடியாது. வயித்துல இரும்பு. நம்மைவிடக் கடுமையான ஒருசந்தி. இப்பேர்ப்பட்டதை வெட்டலாமா? முருங்கை மரத்தடிக்கு வாங்க, கலந்து பேசுவோம்."

நாலு பேரும் முருங்கை மரத்தடிக்குப் போனார்கள்; மதலேன் அண்டாவோடு உள்ளே போனாள். வெட்டலாம் என்று ரெண்டு பேர், கூடாது என்று ரெண்டு பேர். மிக்கேல் ரெண்டு பக்கமும் சரி என்றதில் கணக்கு ஐந்தாகி, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நன்றாக இருட்டிய பிறகு, மீனை ஈஸ்டர் வரைக்கும் அண்டாவிலேயே வைத்துச் சுண்டல் போட்டு வளர்ப்பது, ஈஸ்டர் அன்று அதனிடமே மறுபடி கேட்பது என்று முடிவாயிற்று.

ராயப்பன் வந்து கதவை இழுத்தான். வரவில்லை. நாலு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை.

"உள்பக்கம் தாழ் போட்டிருக்கு," என்றான் ராயப்பன்.

"தாழ்ப்பாள் இருந்தாத்தானேடா தாழ் போட? அது எங்க இருக்கு?"

"மீன் வயித்துல."

"மீன் எங்க?"

"உள்ள."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப தாழ் போட்டது மீன்," என்றார் சந்தியாகு.

"அதுவும் சரிதான்."

கதவிடுக்கு வழியாகப் பூண்டு வதங்குகிற வாசனை வந்தது. பின்னாலேயே புளியும் மிளகாயும் கொதிக்கிற வாசனை. சந்தியாகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "பாவம், ஒருசந்தி முடிக்குது. இப்பப் போய்த் தொந்தரவு பண்ணக் கூடாது."

"மதலேனும் குழந்தையும் உள்ள இருக்காங்களே அண்ணே?"

"பரிமாற ஆள் வேணாமாடா அதுக்கு?"

"அப்ப கதவைத் திறக்க வைக்கிறது எப்படி?"

இன்னாசி கொட்டாவி விட்டபடி வழி சொன்னான். "தவளைச் சத்தம் கேட்டா வாயைத் திறக்கிற மீன், கதவைத் திறக்காதா?"

நாலு பேரும் முற்றத்தில் குந்தினார்கள். கன்னங்கள் உப்பின.

க்ர்ர்ர்… ப்ளொக்.

உள்ளே மதலேன், தலைத் துண்டத்தை அண்ணனுக்கென்று எடுத்து மூடி வைத்துவிட்டு, முதல் கவளத்தை வாயில் வைக்கப் போனவள், அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இந்தத் தடவை நெஞ்சு படபடக்கவில்லை. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "காலைல்ல் வாங்க. காலைல்ல்ல வாங்க," என்று கொப்பளிக்கிற மாதிரிச் சொன்னாள்.

வெளியே நாலு கன்னமும் சட்டென்று வடிந்தன.

"பேசுதுடா," என்றார் சந்தியாகு, கும்பிட்ட கையோடு. "காலையில வரச் சொல்லுது."

ராயப்பன் எழுந்து, கதவருகே போய், இடுக்கில் வாயை வைத்துப் பணிவாகச் சொன்னான். "அப்படியே ஆகட்டும் விராலு. ஒரே ஒரு விண்ணப்பம். என் வீட்டுக்காரி இருட்டுன்னா பயப்படுவா. ராத்திரி பூரா தாழ்ப்பாளை நல்லாப் போட்டுக்க. யார் வந்து கூப்பிட்டாலும் திறந்துடாத. நானே வந்து கூப்பிட்டாலும்."

உள்ளே தாழ்ப்பாள் இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்து, டக்கென்று உட்கார்ந்தது.