கோணம்பாறை ஒயினுக்கு ஊர்ப்பேர் ஒட்டிய கதை

கம்பம் பக்கம் கோணம்பாறையில் சடையாண்டி, ஒச்சப்பன், வீருசின்னு என்று மூன்று பேர் கூட்டாகத் திராட்சை போட்டு ஒயின் செய்தார்கள். வாங்கத்தான் நாதியில்லை. இந்த வருஷமும் விற்காவிட்டால் தோட்டம் கைவிட்டுப் போகும் என்ற நிலைமை.

அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து லூர்தம்மாள் வந்தார். பிரான்சில் ஒயின் படிப்புப் படித்தவர்.

"அங்கெல்லாம் ஊர்ப்பேர் போட்ட ஒயினுக்குத்தான் மதிப்பு. அந்த ஊர் மண்ணோட ருசி அதுல தெரியணும். வெளியூர்ச் சரக்கு ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. அப்படிச் செஞ்சா நானே சான்று தந்து வித்தும் தர்றேன்" என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலமே மழை இருட்டியது.

"இந்த மழை எங்கிருந்து வருது?" என்றான் சடையாண்டி.

"கேரளாவுலேருந்து."

"அப்ப வெளியூர்ச் சரக்கு!"

மூவரும் கொடிகளுக்குக் குடை பிடித்துவிட்டுத் தாங்கள் நனைந்தார்கள்.

எப்படியோ பழம் தேறியது. ஒயின் பக்குவமானதும் லூர்தம்மாள் வந்து ஒரு வாய் வைத்தார். உடனே துப்பினார்.

"என்னய்யா, நறநறங்குது?"

"மண்ணோட ருசிங்கம்மா. பீப்பாய்க்கு ரெண்டு கூடை போட்டோம்."

அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். மண் போதாமல் ஒரு பீப்பாய் மட்டும் தப்பியிருந்தது. அதைச் சுவைத்து, வாயில் உருட்டி, அதையும் துப்பினார்.

"பிரமாதம்!"

"துப்பிட்டீங்களேம்மா?"

"நல்லதையும் துப்பித்தான் பார்ப்போம்."

"அப்ப எதைத்தான் முழுங்குவீங்க?" என்றான் ஒச்சப்பன் கவலையாக.

"ஊர்ப்பேரை ஒட்டிப் புதுச்சேரிக்குக் கொண்டாங்க" என்று சான்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"பேரை ஒரு காகிதத்துல எழுதி ஒட்டிருவமா?" என்றான் வீருசின்னு.

"அது உன் கையெழுத்துடா. ஊர்ப்பேர் ரோட்டோரம்ல நிக்குது!" என்றான் சடையாண்டி.

பேருந்து நிறுத்தத்து ஊர்ப்பலகையைக் கம்பத்தோடு பிடுங்கிப் பீப்பாயில் கட்டி லாரி ஏறினார்கள்.

புதுச்சேரிக் கடற்கரையில் இறங்கியதும் வீருசின்னு பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"கோ-ண-ம்-பா-றை. அட, நம்ம ஊருக்கே திரும்ப வந்துட்டோம்!"

சடையாண்டி சுற்றிலும் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"அடப்பாவிகளா! நாம அந்தப் பக்கம் போனதும் வீட்டையெல்லாம் இடிச்சுட்டுக் கடலைக் கொண்டாந்து விட்டிருக்கானுங்கடா!"

இருவரும் அலறியடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ஒச்சப்பன் மட்டும் போகவில்லை. ஊரில் மிச்சமிருப்பது அந்தப் பலகை ஒன்றுதான். அதையும் எவனாவது தூக்கிப் போய்விடுவானோ என்று கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.