தீக்குச்சி விலகிய பிறகு

மலையடிவாரத்தில் ஒரு ஊர். அங்கே மைனாவதி இன்வெர்ட்டர், சைரன், மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் பழுது பார்த்து வந்தாள். வயது முப்பத்திரண்டு. அவளிடம் வேலை கற்க வந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

நாச்சிமுத்து தன் மரவள்ளிக் காட்டுக்கு ஒரு காவல் பெட்டி செய்திருந்தார். காட்டைச் சுற்றி மெல்லிய கம்பி, எட்டுத் துண்டாக. பெட்டிக்குள் எட்டு ரிலே. கம்பி அறாதவரை ரிலேயின் சுருளில் மின்சாரம் ஓடும். சுருள் காந்தமாகி, ஒரு இரும்பு நாக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காட்டுப்பன்றி வந்து கம்பியை அறுத்தால் பிடி விட்டுப்போகும். நாக்கு துள்ளும், சைரன் கத்தும்.

பேட்டரியை நிரப்ப ஒரு சோலார் தகடு. வெயில் நாளில் குறையே இல்லை. மேகம் திரண்டு மோடம் போட்டு வெயில் மறைந்தால், இரண்டாம் நாளே பேட்டரி தீர்ந்துவிடும்.

ஒருநாள் அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னங்ணா, பொண்ணு பாக்க வந்தவராட்டம் வேர்த்து நிக்கறீங்க?"

"வெளையாடாதீங்க டீச்சர். நேத்தும் ஊமையாயிருச்சு. பக்கத்துக் காட்டுச் சென்னியப்பனுக்கும் சேத்து ரெண்டு வரிசை மரவள்ளி போச்சு. அடுத்த மோடத்துல இது கத்தலீன்னா, வேலியில கரண்டு உடப்போறானாம். கம்பிச் சுருளு வாங்கி வெச்சுட்டான்."

"வேலியிலயா?"

"பன்னி சாவுதோ என்னமோ. என்ற சம்சாரம் பழனாத்தா நெதமும் அந்த வேலியப் புடிச்சுத்தான் வாய்க்காலைத் தாண்டி ஆடு ஓட்டறா."

மைனாவதியின் சிரிப்பு நின்றது. பெட்டியைத் திறந்தாள். ஒரு ரிலேயின் மேல் அவர் விரலை எடுத்து வைத்தாள்.

"சுடுதுங்க."

"சும்மா புடிச்சுட்டு நிக்கறதுக்கு எதுக்குங்ணா அதுக்கும் இந்த வேர்வை?"

"காவலாச்சுங்களே. கெட்டியாப் புடிக்கோணுமில்ல?"

"கரண்டைப் பாதி குடுத்துப் பாருங்க."

நாச்சிமுத்து அரைமனதாக, மின்சாரத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டரை இடையில் வைத்து ஈயத்தால் பற்றவைத்தார். சுவிட்சைப் போட்டார். நாக்கு அசையவில்லை.

"பாத்தீங்களா? எந்திரிக்கவே மாட்டேங்குது."

மைனாவதி ரிலேயின் மூடியைக் கழற்றினாள். ஒரு தீக்குச்சியை எடுத்து, இரும்பு நாக்கை மெல்ல அழுத்தினாள்.

டக்.

தீக்குச்சியை எடுத்துவிட்டாள். நாக்கு ஒட்டியபடியே நின்றது.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். திருப்புளியின் கைப்பிடியால் மேசையைத் தட்டினார். நின்றது. பெட்டியைத் தூக்கி ஆட்டினார். அப்போதும் நின்றது.

"அதே பாதிதானுங்களே. முன்னால ஏன் எந்திரிக்கல?"

"பாப்பாவைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கங்ணா. ஒரு சாமான் தேடோணும்."

மைனாவதியின் மகள் கீழே உட்கார்ந்து ஒயர் துண்டுகளை எண்ணத் தெரியாமலே எண்ணிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து குனிந்து, "யம்மாடி!" என்று முக்கித் தூக்கி இடுப்பில் வைத்தார். மைனாவதி டப்பா டப்பாவாகத் திறந்து தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். பாப்பா அவர் மீசையை இழுத்துப் பார்த்தது.

"கனக்கறாளா?"

"இல்லீங்க, தூக்கறப்பத்தான் கொஞ்சம்..."

நாச்சிமுத்து பேச்சை நிறுத்தினார். இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். அதைச் சுற்றியிருந்த தன் ஒற்றைக் கையைப் பார்த்தார். பிறகு ரிலேயைப் பார்த்தார்.

குழந்தையைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்: "சரிங்க டீச்சர். எட்டு ரிலேக்கும் தீக்குச்சியோட ஆரு நிக்கறது? பழனாத்தாளா?"

"அவங்க ஆட்டைப் பாக்கட்டும். இது நிக்கும்."

அவள் கையில் ஒரு கண்டன்சர் இருந்தது. அதை ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் வைத்துப் பற்றவைத்தாள்.

"இது காலியா இருக்கறப்ப கரண்டு பூராவும் இது வழியா ஒரே மூச்சுல ஓடும். நெரம்பினதும் வழி அடைஞ்சிரும். அப்புறம் ரெசிஸ்டர் உடறது மட்டுந்தான்."

சுவிட்சைப் போட்டாள். டக். கரண்டு மீட்டரின் முள் முப்பதுக்குத் துள்ளி, பதினைந்துக்கு இறங்கி, அங்கேயே நின்றது. நாச்சிமுத்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஏழையும் அவரே பற்றவைத்தார்.

அடுத்த மோடம் நான்கு நாள் விடாமல் நின்றது. நான்காம் நாள் காலையில் மைனாவதி காட்டுக்கு வந்தாள். சென்னியப்பனும் வந்தார். ஒரு தோளில் கம்பிச் சுருள், ஒரு கையில் அரிவாள்.

"என்னப்பா, உன்ற பொட்டி இருக்குதா, செத்துப்போச்சா?"

 நாச்சிமுத்துவின் கண் வாய்க்கால் ஓரம் நின்ற பழனாத்தாளின் மேல் இருந்தது. அவள் கை வேலியின் மேல் இருந்தது.

"நானே பாத்துக்கறேன்" என்று சென்னியப்பன் குனிந்து, காவல் கம்பியில் அரிவாளை வைத்து இழுத்தார்.

சைரன் அலறியது. ஆடுகள் நாலாப் பக்கமும் தெறித்தன. சென்னியப்பன் அரிவாளைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குதித்திருந்தார்.

பழனாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங் மாமா, பன்னிகூட இத்தன தூரம் தாண்டாதுங்க!"

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி சென்னியப்பன் தோளிலிருந்த சுருளைக் கழற்றினார். கரைமேல் வீசினார்.

"ஆட்டுப்பட்டிக்குக் கட்டிக்க புள்ள. எனக்கு வேண்டாம்."

அவர் சொட்டச் சொட்டப் போன பிறகு, மைனாவதி அறுந்த கம்பியின் முனைகளைச் சீவினாள். சைரன் இன்னும் கத்திக்கொண்டிருக்க, நாச்சிமுத்து அவள் காதோரம் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு."

"சொல்லுங்ணா."

"பாதிப் புடியிலதான் நிக்குது. எப்பவாச்சும் உட்டுருச்சுன்னா?"

மைனாவதி இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினாள். பெட்டிக்குள் டக் என்று கேட்டது. சைரன் அடங்கியது.

"உட்டாக் கத்தும். உடறதுக்குத்தானுங்ணா அதைக் காவலுக்கு வெச்சிருக்கறோம்."