டெய்லர் சென்னியப்பனின் கால் அளவு

"அம்மணி, ரெண்டு கையும் மரத்துப் போகுதுங்க."

டெய்லர் சென்னியப்பன் இதைச் சொன்னபோது தமயந்தி ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்பதற்காகக் காத்திருந்தாள். பதில் சொல்வதற்கு முன் எதற்காவது காத்திருப்பது அவள் வழக்கம்.

சக்கரம் நின்றது.

"எப்ப இருந்துங்ணா?"

"இந்த சைக்கிள் வாங்குனதுல இருந்துதானுங்க."

மருதமலை அடிவாரத்தில் அவளுடைய சைக்கிள் பட்டறை. அவளுக்கு வயது முப்பத்தொன்று. பேச்சு குறைவு என்பதால், காலையில் சைக்கிள் மிதிக்கும் கோஷ்டி அவளுக்குக் குருநாதர் என்று பேர் வைத்திருந்தது. வைத்ததென்னவோ கிண்டலுக்குத்தான். ஆனால் ஒரு போல்ட்டைத் திருகுவதற்குக்கூட அவளைக் கேட்காமல் யாரும் துணிய மாட்டார்கள்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்து மூன்று. கோஷ்டியில் வயதில் முதல் ஆள், உயரத்தில் கடைசி ஆள்.

"மரத்தா என்னங்ணா, கொஞ்ச நேரத்துல சரியாகிடுமே."

"உங்களுக்குச் சரிங்க. நான் போய் காஜா எடுக்கோணுமே. ஊசி கையில இருக்குதா, கீழ விழுந்துருச்சான்னே தெரியறதில்லை. நேத்து பட்டனோட சேத்து விரலையும் தெச்சுட்டேன். வலிச்சாத்தான தெரியும்?"

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"சைக்கிளை விடு, இல்லாட்டி தையலை விடுன்னு சொல்லிட்டாரு. சைக்கிளை விட்டா சர்க்கரை ஏறுது. தையலை விட்டா சோறு எறங்காது. நான் எதைங்க விடறது?"

தமயந்தி சைக்கிளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி சைக்கிளைப் பார்த்தாள்.

"இது யாரோட சைக்கிள்ங்ணா?"

"என்னுதுதானுங்க."

"ஓ."

அந்த "ஓ" அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் சும்மா வந்துவிடவில்லை. சீட்டைக் கடைசிவரை இறக்கி, முன்னால் தள்ளியிருந்தார். ஹேண்டில்பாரைப் பக்கத்தில் கொண்டுவர, அதைப் பிடித்திருக்கும் தண்டை மாற்றிக் குட்டையாகப் போட்டிருந்தார். கைப்பிடியில் மூன்று சுற்று பஞ்சு. கையில் மெத்தை வைத்த உறை, அதுவும் அவரே தைத்தது. ஒரு டெய்லரால் ஒரு சைக்கிளுக்கு என்னென்ன ஆல்டரேஷன் செய்ய முடியுமோ அத்தனையும் செய்தாகிவிட்டது. எட்டிப் பிடித்து உடம்பின் பாரத்தைத் தாங்குகிற கை மட்டும் மரத்துக்கொண்டே இருந்தது.

"ஏறுங்க," என்றாள் தமயந்தி.

பட்டறை வாசற்படியில் நின்று ஏறினார்.

"ரெண்டு எட்டு தள்ளி வந்து நில்லுங்க."

வந்தார். ஆனால் நிற்கவில்லை. கண் எதையோ தேடியது. சைக்கிள் தமயந்தியைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. இன்னொரு வட்டம் அடித்தது.

"நில்லுங்கன்னேன்."

"கால் ஊனக் கல்லு ஒண்ணும் காணமுங்க."

அப்போதுதான் தமயந்திக்கு ஒரு பழைய சந்தேகம் தீர்ந்தது. கோஷ்டி எப்போதும் ஒரே மதகுப் பக்கம்தான் டீக்கு நிற்கும். அங்கே டீ சுமார்தான். இடத்தைத் தேர்ந்தெடுத்தது சென்னியப்பன். சிக்னலுக்கு அரை பர்லாங் முன்பே நடைபாதையோரம் ஒதுங்குவாரே, அதையும் எல்லோரும் ஒழுக்கம் என்று நினைத்திருந்தார்கள்.

மூன்றாவது வட்டத்தில் அவர் பழைய டயர்க் குவியலின் மேல் சாய்ந்து இறங்கினார். விழவில்லை என்று அவர் இன்றுவரை சொல்கிறார்.

"கைக்கு எதாச்சும் வழி சொல்லுங்க அம்மணி."

"திங்கக்கிழமை நானே உங்க கடைக்கு வர்றேன்," என்றாள் தமயந்தி.

வந்தாள். கையில் ஆறடி ஆள் போடுகிற சட்டை ஒன்று இருந்தது.

கடையில் ஒருவர் பேண்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல தொப்பை. மூச்சை இழுத்துப் பிடித்து, உத்தரத்தைப் பார்த்தபடி நின்றார். சென்னியப்பன் டேப்பைச் சுற்றினார்.

"இடுப்பு," என்று கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார், "முப்பத்தாறு."

தொப்பைக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "பரவால்ல, கொஞ்சம் கொறஞ்சுதான் இருக்குது," என்றார் கடையில் இருந்த எல்லோரிடமும்.

சென்னியப்பன் நோட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

"எப்பங்க கிடைக்கும்?"

"வெள்ளிக்கிழமை வந்துருங்க."

நோட்டில் அடுத்த புதன் என்று எழுதினார்.

அவர் போகும்வரை தமயந்தி காத்திருந்தாள்.

"என்னங்ணா இது?"

"வாய் அவருக்குங்க. நோட்டு துணிக்கு," என்றார் சென்னியப்பன். "நாலு பேர் முன்னால நாப்பத்திரண்டுன்னு கத்துனா மனுசன் மனசு நோகும். நோட்டுல முப்பத்தாறுன்னு எழுதுனா பேண்டு ஏறாது. முப்பது வருசமா ஒருத்தர் மனசும் நோகலை, ஒரு பேண்டும் திரும்பி வரலை."

தமயந்தி தலையாட்டினாள். ஆறடிச் சட்டையை மேசையில் விரித்தாள்.

"இதை எனக்குச் சரி பண்ணிக் குடுங்க."

அவர் சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கையை வெட்டிருலாங்க. காலரைச் சின்னது பண்ணிருலாம். ரெண்டு பக்கமும் பிடிச்சிரலாம்."

"போதுமே. அப்படியே பண்ணிருங்க."

"ஆனா தோள் இருக்குதே. தோள் முழங்கைக்கிட்ட தொங்குது. தோள் சரியில்லாத சட்டைல வேற எதை வெட்டியும் பிரயோசனமில்லீங்க. துணிக்குத்தான் கேடு. இது உங்களுக்கு வெட்டுன துணியே இல்லை. உங்க அளவுக்குப் புதுசா..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

வாசலில் அவருடைய சைக்கிள் சாத்தியிருந்தது. குட்டையாக்கிய தண்டு, கடைசிவரை இறக்கிய சீட்டு, மூன்று சுற்று பஞ்சு. நடுவில் பளபளவென்று அந்தச் சட்டம். ஐம்பத்தாறாம் நம்பர், நெடிய ஆளுக்கானது.

இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்கள்.

"அது வேற சங்கதிங்க," என்றார் சென்னியப்பன். "நான் அளவு சரியாத்தான் குடுத்தேன்."

"என்ன அளவு?"

"ஆன்லைன்ல வாங்கறப்ப உள்கால் அளவு கேட்டாங்க. முப்பத்து மூணுன்னு போட்டேன். ஐம்பத்தாறு எடுத்துக்கோன்னு கம்ப்யூட்டரே சொல்லுச்சு."

தமயந்தி அவர் காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யார் அளவு எடுத்தது?"

"நல்லா கேட்டீங்க போங்க. ஊருக்கே அளவு எடுக்கறவன் நான்."

"நோட்டைக் காட்டுங்க."

அவள் புரட்டினாள். பள்ளிக்கூட வாத்தியார்கள் இருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் இருந்தார். மூன்று கோவில் பூசாரிகள் இருந்தார்கள். ஊரே இருந்தது. சென்னியப்பன் மட்டும் இல்லை.

"எனக்கு எதுக்குங்க நோட்டு? என் அளவு எனக்கு மனப்பாடம்."

தமயந்தி நோட்டை மூடினாள்.

"சனிக்கிழமை பட்டறைக்கு வாங்க. செருப்பில்லாம."

அவள் போனபின் சென்னியப்பனுக்குத் தையல் ஓடவில்லை.

நடந்தது அவருக்குத் தெரியும். சைக்கிள் வாங்கிய அன்றைக்கு வீட்டில் டேப் வைத்துப் பார்த்தபோது இருபத்தொன்பதுதான் வந்தது. அதற்கு மேல் லூஸுக்கு இரண்டு, கீழ்மடிப்புக்கு இரண்டு. எந்தத் துணிக்கும் கை தானாகச் சேர்க்கிற நாலு அங்குலம். சைக்கிளுக்குக் கீழ்மடிப்பு கிடையாது என்பது கைக்குத் தெரியாது. அது வரைக்கும் வெறும் கைத்தவறு.

ஆனால் கம்ப்யூட்டர் ஐம்பத்தாறு என்று காட்டியபோது, அது பேங்க் மேனேஜர் ராகவேந்திரன் ஓட்டுகிற அதே நம்பர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. ராகவேந்திரன் கோஷ்டியிலேயே நெடிய ஆள். சென்னியப்பன் திரும்ப அளந்து பார்க்கவில்லை. அது கைத்தவறு இல்லை.

பள்ளிக்கூட வரிசையில் எப்போதும் முதலில் நின்றவர் அவர். முப்பது வருஷமாக முக்காலி போட்டு ஏறித்தான் ஊராருக்குத் தோள் அளவு எடுக்கிறார். அந்தச் சைக்கிளில் உட்கார்ந்தபோதுதான், வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு பேங்க் மேனேஜரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்துக் குட்மார்னிங் சொன்னார். கை மரத்தாலும் அந்தக் குட்மார்னிங்கை விட அவருக்கு மனசில்லை.

சனிக்கிழமை காலை. பட்டறையில் கோஷ்டி மொத்தமும் டீ குடித்துக்கொண்டிருந்தது. ராகவேந்திரனும் இருந்தார்.

சென்னியப்பன் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தார். அதற்குள் தமயந்தி பார்த்துவிட்டாள்.

"வாங்ணா. சுவத்துல முதுகை ஒட்டி நில்லுங்க."

நின்றார். ஒரு தடித்த பழைய விலைப்பட்டியல் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, கால்களுக்கு நடுவே செங்குத்தாகப் பிடித்து மேலே இழுக்கச் சொன்னாள். இழுத்தார். அளவு அந்தப் புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை.

டீ குடித்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் உத்தரத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். தன் கடையில் எத்தனையோ பேர் இப்படி நின்று பார்த்திருக்கிறார். இப்படி இருக்கும் என்று தெரியாது.

"குதிகாலைக் கீழ வைங்ணா," என்றாள் தமயந்தி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

வைத்தார்.

அவள் டேப்பைப் பிடித்தாள். ஒருமுறை பார்த்தாள். இன்னொருமுறை பார்த்தாள். எவனோ டீ உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான்.

"உள்கால்," என்றாள் தமயந்தி. குருநாதர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "முப்பத்து மூணு."

"அட, எனக்கும் அதே அளவுதான் டெய்லர்," என்றார் ராகவேந்திரன்.

டீ குடித்தவர்கள் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள்.

தமயந்தி தன் நோட்டை அவர் முன்னாலிருந்த மேசையில் வைத்து எழுதினாள். முப்பது வருஷமாக மேசைக்கு அந்தப் பக்கம் நின்று எழுதியவருக்கு, இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படிப்பது ஒன்றும் சிரமமாக இல்லை.

சென்னியப்பன். உள்கால் 29. சட்டம் 49.

லூஸ் இல்லை. மடிப்பு இல்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அளந்து, அவர் பேரைப் போட்டு, யாரும் எழுதியதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"அந்த ஐம்பத்தாறுக்கு நான் ஆள் பாத்துக்கறேன்," என்றாள் தமயந்தி.

அவர் புத்தகத்தை விடாமலே கேட்டார்.

"புதுசு எப்பங்க கிடைக்கும்?"

தமயந்தி பேனாவை மூடினாள். அது "டக்" என்று மூடும்வரை காத்திருந்தாள்.

"எதைச் சொல்லட்டுங்ணா? வாயில இருக்கறதா, நோட்டுல இருக்கறதா?"

சென்னியப்பன் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"நோட்டுல இருக்கறதே போதுமுங்க."