கமாலுதீனும் வெள்ளைக் கோடும்

"மேடம், ஒரே ஒரு தீர்ப்பு. அதைச் சொல்லிட்டீங்கன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நான் வகுப்புக்கே வரமாட்டேன்."

கேட்டவர் தணிகாசலம். வயது அறுபத்து நாலு. அம்பயர் பரீட்சைக்குப் படிக்கிற பன்னிரண்டு பேரில், பரீட்சை எழுதுகிற எண்ணமே இல்லாதவர் அவர் ஒருத்தர்தான்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் எஸ்தர். லீக் ஆட்டங்களில் அம்பயர். தணிகாசலத்தைவிட இருபது வயது சின்னவர். சனிக்கிழமை காலையில் அயனாவரம் பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் விதிகள் சொல்லிக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். விரலைத் தூக்கினாலே வேலை முடிந்துவிடும் என்று பழகிப்போன ஆள்.

"என்ன வழக்கு சார்?"

"பவுலர் ஓடி வர்றான். அவன் பக்கத்துல நிக்கிற பேட்ஸ்மேன், பந்து கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே கோட்டைத் தாண்டி நழுவுறான். பவுலர் பந்தைப் போடாம, அப்படியே ஸ்டம்பைத் தட்டி விட்டுடுறான். அவுட்டா, இல்லையா?"

"அவுட். ரன்-அவுட்."

"அதைத்தான் மேடம் நானும் சொன்னேன். கமாலு தப்புன்னுட்டான்."

"யாரு கமாலு?"

தணிகாசலம் முழுக் கதையையும் சொன்னார்.

கமாலுதீன் அவருடைய சிநேகிதர். சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால், முப்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து சீட்டு. ஒரே சாப்பாட்டுப் பை, ஒரே குடை. கட்சி மட்டும் வேறு. மூன்று ஸ்பின்னர் வேண்டும் என்பார் தணிகாசலம். இரண்டு போதும், இன்னொரு ஃபாஸ்ட் பவுலரைப் போடு என்பார் கமாலுதீன். என்பார் என்றால், சொல்லி முடிக்க நேரமாகும். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் தட்டில் இருக்கிற தோசை ஆறிப்போகும். அவ்வளவு நிதானம்.

மூன்று மாதத்துக்கு முன்னால், டீக்கடை டிவியில் ஏதோ ஒரு வெளிநாட்டு டெஸ்ட். தணிகாசலம் வேண்டும் வேண்டும் என்று அடித்துக்கொண்ட அதே மூன்றாவது ஸ்பின்னர், நழுவின ஆளை ரன்-அவுட் ஆக்கினான். கடையே இரண்டுபட்டது.

கமாலுதீன் டீ கிளாஸைப் பிடித்தபடி, "இப்படி அவுட் ஆக்குறது தப்பு…" என்றார்.

அவ்வளவுதான். தணிகாசலம் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கத்தினார். கடைசியில், "நீயெல்லாம் கிரிக்கெட் பாக்கவே லாயக்கில்ல" என்றும் சொல்லிவிட்டார்.

கமாலுதீன் கிளாஸை வைத்துவிட்டுப் போனவர்தான். அப்புறம் பேச்சே இல்லை.

"வியாழக்கிழமை டெஸ்ட் ஆரம்பிக்குது மேடம். ரெண்டு டிக்கெட்டும் என்கிட்டதான் இருக்கு. சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் வர்றதே எப்பவோ ஒரு தடவை. அடுத்த டெஸ்ட்டுக்கு எங்க முட்டி அந்தப் படியில ஏறுமோ, ஏறாதோ. நீங்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா, அவன்கிட்ட காட்டி, தப்பை ஒத்துக்க வச்சு, கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்."

எஸ்தர் பேப்பர் எடுக்கவில்லை. ஒரு பேட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வாங்க சார்."

பிட்ச்சில் சுண்ணாம்புக் கோடு புதிதாக இருந்தது. ஸ்டம்புகளுக்கு மேல் இரண்டு குட்டிக் கட்டைகள், பெயில்கள், ஒழுங்காக உட்கார்ந்திருந்தன.

"நீங்க பவுலர் பக்கத்துல நிக்கிற பேட்ஸ்மேன். பேட்டைக் கோட்டுக்குள்ள ஊனிக்குங்க. நான் தீர்ப்பைச் சொல்றேன். சொல்லி முடிச்சப்புறம் கிளம்பலாம்."

தணிகாசலம் பேட்டை ஊன்றினார். வகுப்பு மொத்தமும் வேடிக்கை பார்த்தது.

"கமாலுதீன் சார் சொன்னது சரி…"

"எப்படி மேடம் சரியாகும்? இப்பதானே ரன்-அவுட்ன்னு நீங்களே…"

பேட்டைத் தூக்கி ஆட்டியபடி தணிகாசலம் இரண்டடி முன்னால் வந்திருந்தார். எஸ்தர் ஒரு பெயிலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அவுட்."

"நீங்க முடிக்கவே இல்லையே மேடம்."

"ஆமா சார். மறுபடியும் நில்லுங்க."

நின்றார்.

"கமாலுதீன் சார் சொன்னது தப்பு…"

"அப்படிச் சொல்லுங்க. நானும் அதைத்தான்…"

இரண்டாவது பெயிலும் உள்ளங்கைக்கு வந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். தணிகாசலம் குனிந்து பார்த்தார். கோடு அவருக்குப் பின்னால் இருந்தது.

"சரி மேடம், தெரியாம வந்துட்டேன். தீர்ப்பு என்ன? சரியா, தப்பா?"

"ரெண்டையும் நான் சொல்லி முடிக்கலையே சார்." எஸ்தர் பேட்டை வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு டீக்கடையில நீங்க பேச ஆரம்பிச்சப்போ, அவர் வாய் மூடியிருந்துதா, திறந்திருந்துதா?"

தணிகாசலம் யோசித்தார். டீ கிளாஸ் பாதி உயரத்தில் நின்றது ஞாபகம் வந்தது. டிவி வெளிச்சம் கமாலுதீன் கண்ணாடியில் விழுந்தது. அதற்குக் கீழே வாய், பாதி திறந்தபடி.

பெயில்கள் இருந்த கையை எஸ்தரிடம் நீட்டினார்.

"ஒரு பெயிலை நீங்களே வச்சிருங்க," என்றார் எஸ்தர். "டெஸ்ட் முடிஞ்சப்புறம் குடுத்தா போதும்."

அங்கிருந்து நேரே கமாலுதீன் வீட்டுக்குப் போனார் தணிகாசலம். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றிருந்தது. மணியை அழுத்தினார். கதவைத் திறந்தவர் கமாலுதீனேதான். கொஞ்சம் இளைத்திருந்தார்.

வாசற்படிக்கு இந்தப் பக்கம், செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றார் தணிகாசலம்.

"அன்னைக்கு டீக்கடையில ஒண்ணு சொல்ல வந்தியே கமாலு. முழுசாச் சொல்லு."

கமாலுதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு? மறுபடியும் திட்டவா?"

"சொல்லேன்டா."

கமாலுதீன் கதவில் சாய்ந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"இப்படி அவுட் ஆக்குறது தப்பு…"

உள்ளே குக்கர் ஒரு விசில் அடித்தது. தணிகாசலத்தின் தொண்டைக்குள் பதில் வந்து முட்டியது. முப்பது வருஷமாக முட்டி முட்டிப் பழகின பதில். சட்டைப்பைக்குள் கையை விட்டு பெயிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது விசிலும் அடித்தது.

"…அப்படின்னுதான் நானும் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்," என்றார் கமாலுதீன். "அன்னைக்கு அந்தப் பையன் செஞ்சதைப் பாத்ததும், நீ சொல்றதுதான் நியாயம்னு பட்டுச்சு. அதைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியது. கால் அதே இடத்தில் இருந்தது.

"என்னடா, பேசாம நிக்கிற? உள்ள வா."

"இன்னும் ஏதாச்சும் சொல்ல இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கு." கமாலுதீன் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த மூணாவது ஸ்பின்னர் இருக்கானே…"

தணிகாசலம் காத்திருந்தார்.